ஆடி மாதக் கல்யாணம்

அக்கா மகள் கதை எழுதுகிறாள். கல்லூரியில் முதலாம் ஆண்டு முடித்திருக்கிறாள். போன மாதம் லீவுக்கு ஊருக்கு வந்தவள் போனை என் கையில் திணித்து, "மாமா, எட்டு அத்தியாயம் எழுதிட்டேன். படிச்சிட்டு உண்மையைச் சொல்லணும். நல்லாருக்குன்னு சொல்லித் தப்பிக்கக் கூடாது" என்றாள். கதாநாயகி ஒரு யட்சியின் வம்சத்தில் வந்தவள். வெளியே தெரிந்தால் உயிருக்கு ஆபத்து என்பதால் சாதாரணப் பெண்ணைப் போல ஓர் இன்ஜினியரிங் கல்லூரியில் சேர்ந்து ஹாஸ்டலில் தங்குகிறாள். கோபம் வந்தால் கண் நீலமாகும். பௌர்ணமி இரவில் மொட்டை மாடிக்கு மொட்டை மாடி தாவுவாள். அதிகம் பேசாத, மழை பெய்தால் மட்டும் சிரிக்கிற ஒரு சீனியர் பையன் வருகிறான். அவன் வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

நன்றாகவே எழுதியிருக்கிறாள். அந்தப் பையனை விட்டுத்தள்ளினால் வசனமெல்லாம் கச்சிதம். ஆனால் இரண்டாம் அத்தியாயத்தில் இருந்தே எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. கதாநாயகியின் அறையில் இன்னும் மூன்று பெண்கள் இருக்கிறார்கள். எட்டு அத்தியாயமாக அவர்களுக்கு ஒரு வேலையும் இல்லை. இவள் கிளம்ப நினைத்தால் அவர்கள் தூங்கிவிடுகிறார்கள். இவள் திரும்பி வரும்வரை புரண்டுகூடப் படுப்பதில்லை. போனைத் திருப்பிக் கொடுத்தபோது நான் கேட்டது ஒரே கேள்விதான். "இவ துணியை எங்க காயப்போடுறா?"

"மாமா, இது ஃபேன்டஸி."

"ஃபேன்டஸியில துணி நனையாதா?"

முறைத்தாள். ஸ்பைடர்மேன் மட்டும் எங்கே காயப்போட்டானாம் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் 1962ல் அவன் முதன்முதலில் வந்தபோது பள்ளிக்கூடப் பையன். 1965ல்தான் கல்லூரிக்குப் போனான். அப்போதும் அத்தை வீட்டில் தனி அறை இருந்தது, கதவு இருந்தது, கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது. தாழ்ப்பாள் இருக்கிறவன் எதை வேண்டுமானாலும் மறைக்கலாம். ஹாஸ்டலில் மூன்று கட்டிலுக்கு நடுவே ஒரு கொடி. அதில் தொங்கும் பனியனை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம். யாருக்கு வீட்டில் இருந்து போன் வந்தது, யார் பேசி முடித்துவிட்டு மூக்கை உறிஞ்சினான், யாருடைய பக்கெட் மூன்று நாளாக நகரவில்லை, எல்லாமே எல்லோருக்கும் தெரியும்.

இதையெல்லாம் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதே எனக்குக் கொஞ்சம் குரல் உயர்ந்துவிட்டது. அக்கா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள். ஒரு சின்னப் பெண் எழுதிய கதைக்கு இவ்வளவு வேகம் எதற்கு என்று அன்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். 2011ல் இருந்து 2015 வரை அப்படி ஓர் அறையில் நானும் ஒன்றை மறைத்துக்கொண்டுதான் இருந்தேன். யட்சி இல்லை. சுடலை மாடன்.

கையில் கட்டிய கயிறு

எங்கள் ஊர் தாமிரபரணிக் கரை, ஸ்ரீவைகுண்டம் பக்கம். தாத்தாதான் கோமரத்தாடி, அதாவது சுடலை கோயில் சாமியாடி. நான் பத்தாவது படிக்கும்போது போய்ச் சேர்ந்தார். ஒரு வருடம் கொடை இல்லை, கோயில் திருவிழாவைத்தான் எங்கள் பக்கம் கொடை என்போம். அதற்கு அடுத்த ஆடியில், கூத்தாடும் கணியான் சாமியை வரவழைக்கிற வரத்துப்பாட்டைப் பாடிக்கொண்டிருக்கும்போது, கூட்டத்தில் பொரிகடலை தின்றுகொண்டு நின்ற என்மேல் சாமி வந்து இறங்கியது. பதினாறு வயது. அப்பாவுக்கு வராதது, பெரியப்பாவுக்கு வராதது, எனக்கு வந்தது. அடுத்த வருடம், சாமியாடும்போது தாத்தா உடுத்திய சல்லடத்தையும் குல்லாவையும் எனக்குக் கட்டினார்கள். சல்லடம் இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்த வேண்டியிருந்தது. வல்லயம் என்கிற ஈட்டியை ஒரு கையிலும் தீப்பந்தத்தை ஒரு கையிலும் கொடுத்தார்கள். சாமக்கொடைக்கு அப்புறம் சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போனேன். போனதாகச் சொல்கிறார்கள்.

பிளஸ் டூவில் நல்ல மார்க். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. வீட்டில் பெரிய வாக்குவாதமே நடந்தது. கொடைக்கு எட்டு நாள் முன்னால் பந்தக்கால் நாட்டிவிட்டால் சாமியாடி ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, கவுச்சி ஆகாது, கட்டிலில் படுக்கக் கூடாது, இரண்டு வேளை குளிக்க வேண்டும். ஆடி மாதமோ சரியாக முதல் இன்டர்னல் தேர்வு வருகிற சமயம். கடைசியில் தாத்தாவின் தம்பிதான் தீர்ப்புச் சொன்னார்: "பய விரதத்தை அங்கயே இருந்துக்கிடட்டும். கொடைக்கு முந்தின நாள் வந்தாப் போதும். பஸ் ஏறிப் போயி ஆளத் தேடிப் பிடிக்கத் தெரியாதவனாடே மாடன்?"

ஏன் மறைத்தேன் என்பதைத்தான் இந்தக் கதைகள் எதுவும் சரியாகத் தொடுவதில்லை. அவற்றில் மறைப்பதற்குக் காரணம் சக்தி. தெரிந்தால் துரத்துவார்கள், பிடித்து ஆராய்ச்சி செய்வார்கள், எதிரிக் கூட்டம் மோப்பம் பிடித்து வரும். என்னைப் பிடித்து யாரும் ஆராய்ச்சி செய்யப்போவதில்லை. கேலி செய்வார்கள் என்ற பயம் இருந்தது, உண்மைதான். சி ப்ரோக்ராமிங் லேபில் உட்கார்ந்திருக்கிறவன் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வல்லயத்தோடு சுடுகாட்டுக்கு ஓடுகிறான் என்றால் யார்தான் சும்மா இருப்பார்கள்? ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. நம் ஊரில் "உங்க குலதெய்வம் எது?" என்பது சாமியைப் பற்றிய கேள்வி இல்லை. எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், எந்தத் தெரு என்று கேட்டு அலுத்துப்போனவர்கள் கடைசியாகக் கேட்கிற கேள்வி அது. சுடலையைப் பல சாதியாரும் கும்பிடுகிறார்கள். ஆனால் எந்தக் கோயில், யார் கோமரம் என்று இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்டால் எல்லாம் வந்துவிடும்.

அதிலும் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் படித்தவனுக்குக் கையில் கட்டிய கயிறு என்றாலே அடிவயிறு கலங்கும். இன்ன கலர் என்றால் இன்ன ஆள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து கூடப் படித்த பையன்கள் வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கைக்கயிறைத் தடை செய்யச் சொன்னது. நான் படித்த காலத்தில் அப்படிச் சொல்ல ஆள் இல்லை. கொடை முடிந்து திரும்பும்போது கையில் இருந்த மஞ்சள் காப்பை பஸ்ஸில் வைத்தே பிளேடால் அறுத்துப் பைக்குள் போட்டுக்கொள்வேன். அது சாமிக்குக் கட்டிய காப்பு, சாதிக்குக் கட்டியது இல்லை என்று யாருக்கு உட்கார்ந்து விளக்குவது? கயிறு போய்விடும். மணிக்கட்டில் மஞ்சள் கறை மட்டும் ஒரு வாரம் போகாது. முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வேன்.

மற்றதற்கெல்லாம் பொய்கள் தயாராக இருந்தன. தரையில் படுத்தால் முதுகு வலி. விடியற்காலை நான்கு மணிக்குப் பச்சைத்தண்ணீரில் குளித்தால் சைனஸுக்கு நல்லது என்று எங்கோ படித்தேன். மெஸ்ஸில் முட்டை வேண்டாம் என்றால் வயிறு சரியில்லை. லீவு லெட்டரில் மட்டும் ஒரே காரணம்: அக்கா கல்யாணம். ஒவ்வொரு வருடமும் கிளாஸ் அட்வைசர் மாறிவிடுவார் என்பதால் அதே காரணத்தை மூன்று வருடம் எழுதினேன். அக்காவுக்கு உண்மையில் 2006லேயே கல்யாணம் முடிந்து, இதோ கதை எழுதுகிற இந்தப் பெண் அப்போது பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். மூன்று பேரும் மறு பேச்சுப் பேசாமல் கையெழுத்துப் போட்டார்கள். சாமர்த்தியசாலி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

முதல் வருடம் கொடை முடிந்து வந்தபோது நெஞ்சில் தீப்பந்தம் பட்ட காயம் இருந்தது. ஆடும்போது பந்தத்தை நெஞ்சோடு அணைப்பது வழக்கம். அப்போது தெரியாது, மறுநாள்தான் எரியும். சட்டை மாற்றும்போது அறைத்தோழன் பார்த்துவிட்டான். ஈரோட்டுக்காரன். பக்கத்துக் கட்டில். "என்னடா இது?" என்றான். யோசிக்கவே இல்லை நான். "பைக் சைலன்சர் சுட்டிருச்சு" என்றேன். ஒரு நிமிடம் காயத்தையே பார்த்தான். "ஓ" என்றான். பெட்டியைத் திறந்து பர்னால் எடுத்து வீசிவிட்டுக் குளிக்கப் போய்விட்டான்.

மெமரி கார்டில் வந்த மகுடம்

சுடலையின் பிறப்பை வில்லுப்பாட்டில் கேட்டவர்களுக்கு ஓர் இடம் மறக்காது. பார்வதி பிள்ளை வரம் வாங்கி, விளக்குச் சுடரில் இருந்து தெறித்ததை முந்தானையில் ஏந்தி, அந்த முண்டத்துக்கு உயிர் வந்து பிள்ளையாகிறது. பகலெல்லாம் சாதாரணப் பிள்ளை. ராத்திரியானால் தொட்டிலை விட்டு இறங்கி சுடுகாட்டுக்குப் போய் எரிகிற பிணத்தைத் தின்றுவிட்டு, விடிவதற்குள் வந்து ஒன்றும் தெரியாததுபோலப் படுத்துக்கொள்ளும். பால் கொடுக்கத் தூக்குகிறாள் தாய். பிண வாடை. இனி கயிலையில் இடமில்லை, பூலோகம் போ என்று அனுப்பிவிடுகிறார்கள். கண் நீலமாகிக் காட்டிக்கொடுப்பதெல்லாம் சினிமா. வாடைதான் காட்டிக்கொடுக்கும், அதுவும் தூக்கி அணைக்கிறவருக்குத்தான் தெரியும். பரசுராமரிடம் பொய் சொல்லிப் படித்த கர்ணனையும் உடம்புதான் காட்டிக்கொடுத்தது. வண்டு தொடையைத் துளைத்து ரத்தம் ஓடியபோதும் குருவின் தூக்கம் கெடக் கூடாதென்று அசையாமல் இருந்தான். அசையாததால் மாட்டினான். என் பிரச்சினை நேர் எதிர்.

மூன்றாம் வருடம். கால் நாட்டி நான்கு நாள் ஆகியிருந்தது. ராத்திரி பத்து பத்தரை இருக்கும். மூன்றாவது கட்டில்காரன் ஊருக்குப் போயிருந்தான். நான் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து மறுநாள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஈரோட்டான் கட்டிலில் குப்புறப் படுத்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். பக்கத்து அறையில் தூத்துக்குடிப் பையன் ஒருவன், மெமரி கார்டில் ஊர்க் கொடையில் எடுத்த கணியான் கூத்தை ஏற்றி வந்திருக்கிறான். ஊர் ஞாபகம் வந்ததோ என்னவோ, ஸ்பீக்கரில் போட்டுவிட்டான்.

மகுடம் என்பது கணியான் கூத்தில் அடிக்கிற பறை. முதலில் மந்த மகுடம், தூரத்து இடி மாதிரி. அப்புறம் அதன்மேல் உச்ச மகுடம். வெறும் சைனா ஸ்பீக்கர்தான், இரைச்சலோடுதான் வந்தது. ஆனால் உள்ளங்காலுக்கு அதெல்லாம் தெரியாது. முதலில் கால்விரல்கள் மடங்கிப் பாயைப் பிடித்தன. அப்புறம் கெண்டைக்காலில் எறும்பு ஊர்கிற மாதிரி. அடிவயிறு ஐஸ் வைத்ததுபோல் குளிர்ந்தது. புத்தகத்தில் ஒரு சர்க்யூட் படம். அதன் கோடுகள் என் கண்முன்னாலேயே கிடுகிடுவென்று ஆடின. ஆடியது கோடு இல்லை, புத்தகம் பிடித்திருந்த என் கை. கட்டிலின் இரும்புக் காலை எட்டிப் பிடித்துக்கொண்டேன். கட்டிலும் சேர்ந்து கடகடவென்று ஆடியது. அவன் படுத்திருந்த கட்டில்.

தலையைத் திருப்பிப் பார்த்தான். எழுந்தான். பதறவில்லை, ஓடவில்லை. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே போனான். பக்கத்து அறைக் கதவைத் தட்டும் சத்தம், "டேய், நாளைக்கு டெஸ்டு, அதை நிறுத்துடா" என்ற குரல். மகுடம் பாதி அடியில் நின்றது. திரும்பி வந்தான். என் தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து பக்கத்தில் வைத்தான். ஏறிப் படுத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டான்: "என்ன சாமிடா?"

எனக்குத் தொண்டை வறண்டிருந்தது. "சுடலை."

"எங்களுக்குக் கருப்பராயன். எங்க சித்தப்பா ஆடுவாரு. லைட்டை ஆஃப் பண்ணிட்டுப் படு."

இருட்டில் ஐந்து நிமிடம் போயிருக்கும். "எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

"நெஞ்சுல எப்படிடா சைலன்சர் சுடும்? பைக்கைக் கட்டிப்புடிச்சுட்டுத் தூங்குனியா?" என்றான். சிரிக்கிறான் என்பது கட்டில் ஆடியதில் தெரிந்தது. அப்புறம் இன்னொன்றும் சொன்னான். "ஆடி மாசத்துல எவன்டா கல்யாணம் வைப்பான்?"

அந்த நிமிடம் வரை அது எனக்குத் தோன்றியதே இல்லை. மூன்று வருடம், மூன்று லெட்டர், தேதியோடு. புதுமணத் தம்பதியையே பிரித்து வைக்கிற மாதத்தில் என் அக்காவுக்கு மட்டும் வருடா வருடம் கல்யாணம். கையெழுத்துப் போட்ட மூன்று பேரும் தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். ஒருவர் வாத்தியார் வேலையோடு ஜாதகமும் பார்ப்பார் என்று கேள்வி.

பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. முட்டை போடும் நாளில் மெஸ்ஸில் எனக்கு முன்னால் நிற்பவன், சரியாக ஆடி மாதத்தில் மட்டும் எனக்குப் பின்னால் நிற்பான். "அவனோடதை எனக்குப் போடுங்கண்ணா" என்று தட்டை நீட்டிவிடுவான். பரிமாறுகிறவர் என்னை ஏன், என்ன என்று கேட்டதே இல்லை. முட்டைக்கு அலைகிறவன் என்றுதான் அவனை நினைத்திருந்தேன். இரண்டாம் வருடம் கல்லூரி விழாவுக்கு உறுமிமேளம் வருகிறது என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அன்று சாயங்காலம் என்னை வலுக்கட்டாயமாக சினிமாவுக்கு இழுத்துக்கொண்டு போனான். மகா மட்டமான படம். இடைவேளையில் கிளம்பலாம் என்றதற்கு விடவே இல்லை.

அவன் என்னிடம் கேட்டது "என்ன சாமி" என்று மட்டும்தான். எந்தக் கோயில், யார் கோமரம் என்கிற அடுத்த இரண்டு கேள்விகளையும் அன்றும் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. எனக்கு அதுதான் இப்போதும் ஆச்சரியம்.

நான்காம் வருடம் லெட்டரை அவனே எழுதினான். "அக்கா பிள்ளைக்குக் காதுகுத்து. கல்யாணம் முடிஞ்சா அதானே வரணும்? குலதெய்வம் கோயில்ல வெச்சா ஆடியில நடக்கும். இனிமேலாவது லாஜிக்கோட பொய் சொல்லு" என்றான்.

இதையெல்லாம் மறுநாள் காலை திண்ணையில் வைத்து அக்கா மகளிடம் சொன்னேன். காதுகுத்து வந்தபோது, "எனக்கா? எனக்கு ஒரு வயசுலயே குத்தியாச்சே!" என்று கத்தினாள். அடுப்படியில் இருந்து, "எனக்கு எத்தனை பவுன்டா போட்டே மூணு கல்யாணத்துக்கும்?" என்று அக்கா. சிரித்து முடித்ததும் பிள்ளை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "அப்படின்னா அந்த மூணு பேருக்கும் முதல் அத்தியாயத்துலயே தெரியும்" என்றாள். யார் என்று கேட்டேன். "என் ஹீரோயின் ரூம்மேட்ஸ்" என்றாள்.

அப்படி எழுதினால் சஸ்பென்ஸ் போய்விடும் என்பது அவளுடைய கவலை. போகாது என்பது என் கட்சி. மணிமேகலைக்கு வேற்றுருவம் எடுக்கும் மந்திரத்தைக் கொடுக்கும்போது தெய்வம் சொல்கிற காரணம், இளம்பெண் என்று தெரிந்தால் சமயவாதிகள் உனக்கு ஒன்றும் சொல்லித்தரமாட்டார்கள் என்பது. வஞ்சி நகரில் அவள் தவசி வேடத்தில் போய் ஒவ்வொருவரிடமும் பாடம் கேட்கிறாள். எல்லோரும் மடமடவென்று ஒப்பிக்கிறார்கள். படிக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு சந்தேகம். அந்தக் கூட்டத்தில் ஒருவருக்காவது தெரிந்திருக்காதா? தெரிந்தும் குரலை மாற்றாமல் பாடத்தைச் சொல்லிவிட்டுப் போன ஒரு கிழவர் இருந்திருக்கமாட்டாரா? காவியத்தில் இல்லை, நானாகச் சேர்த்துக்கொள்வது. அந்தக் கிழவரைப் பற்றி யாராவது எழுதினால் முதல் ஆளாக வாங்கிப் படிப்பேன்.

கடைசியாக ஒன்று கேட்டாள், குரலைத் தணித்துக்கொண்டு. "மாமா, நெஜமாவே வருமா?"

வரத்துப்பாட்டின் மூன்றாவது சுற்று வரை நினைவிருக்கும் என்றேன். அதற்கு அடுத்து நினைவில் இருப்பது யாரோ வாயில் இளநீர் ஊற்றுவது. நடுவில் இரண்டு மணி நேரம். அதற்குப் பெயர் வைக்கிற வேலையை நான் எப்போதோ விட்டுவிட்டேன். அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை. போனில் எதையோ குறித்துக்கொண்டாள். எட்டிப் பார்த்தேன். "முட்டை" என்று மட்டும் எழுதியிருந்தாள்.

ஈரோட்டான் இப்போது பெங்களூரில் இருக்கிறான். இரண்டு பிள்ளைகள். வருடம் முழுக்கப் பேசாவிட்டாலும் ஆனி கடைசியில் போன் வந்துவிடும். ஹலோகூடச் சொல்லமாட்டான்.

"அக்கா கல்யாணம் என்னைக்குடா?"

இந்த வருடம் இன்னும் நாள் குறிக்கவில்லை என்று சொன்னேன். லீவு போட வேண்டும், சீக்கிரம் கேட்டுச் சொல் என்றான்.